சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுதல்: எந்த இடத்தில் எந்த வினை?

மேசைவிளக்கு எழுதியது:

ஒரு மொழிபெயர்ப்பில் ஐந்து இடங்களில் ஒரே வினை வருகிறது. ஐந்திலும் ‘திரும்பப் பெறு’ என்றே போட்டிருக்கிறேன். ஐந்தும் ஒன்றுபோல் ஒலிக்கவில்லை, சில இடங்களில் பொருளே மாறுகிறதோ என்று படுகிறது. வாக்கியங்கள்:

(அ) காவல் துறையிடம் தந்த வாக்குமூலத்தைச் சாட்சி நீதிமன்றத்தில் திரும்பப் பெற்றார்.
(ஆ) அவையில் தான் சொன்ன சொல்லை உறுப்பினர் திரும்பப் பெற்றார்.
(இ) 1633இல் கலிலியோ தன் கருத்தைத் திரும்பப் பெற்றார்.
(ஈ) ஆய்விதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது.
(உ) ஊதிய உயர்வு தருவதாகச் சொன்ன நிர்வாகம் அந்த வாக்குறுதியைத் திரும்பப் பெற்றது.

பின்வாங்கு, மறுதலி, மறு, பிறழ், வாபஸ் வாங்கு, கைவிடு என்று கையில் நிறையச் சொற்கள் இருக்கின்றன. எதை எங்கே வைப்பது? பொதுவான ஒரு சோதனை முறை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

---

மெய்ப்பாளர் எழுதியது:

சோதனை இருக்கிறது. வினையைத் தேடும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

முதல் கேள்வி: தான் அப்படிச் சொன்னதை அவர் ஒப்புக்கொள்கிறாரா? ஒப்புக்கொண்டு, ‘அது இனி என் சொல் அல்ல’ என்றால் திரும்பப் பெறுதல். ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்றால் அது மறுத்தல். இரண்டும் நேர் எதிரானவை. சொல்லாத ஒன்றைத் திரும்பப் பெற முடியாது. திரும்பப் பெறுகிறேன் என்பதிலேயே ‘சொன்னேன்’ என்ற ஒப்புதல் இருக்கிறது.

இரண்டாவது: அவர் விலக்கிக்கொள்வது சொல்லையா, நிலைப்பாட்டையா, செய்ய வேண்டிய செயலையா? சொல் என்றால் திரும்பப் பெறு. நிலைப்பாடும் செயலும் பின்வாங்கு பக்கம் போகும்.

மூன்றாவது: சொல்லை எடுத்த பிறகு அந்த இடம் காலியாக இருக்கிறதா, வேறு சொல் வந்து உட்காருகிறதா? வேறு சொல் வந்தால் ‘மாற்றிச் சொன்னார்’, ‘திருத்தினார்’, ‘பிறழ்ந்தார்’ ஆகியவற்றில் ஒன்று.

இந்தச் சோதனையில் உங்கள் ஐந்தில் (ஆ) மட்டும் அப்படியே நிற்கும். (ஈ) கொஞ்சம் கவனத்தோடு நிற்கும். (அ), (இ), (உ) மூன்றையும் மாற்ற வேண்டும்.

---

தென்றல்முற்றம் எழுதியது:

இலக்கணப் பக்கத்தையும் சேர்த்துவிடுகிறேன். இந்த வினைகளைக் குழப்புவதில் பாதி, வேற்றுமையைக் குழப்புவதால் வருகிறது.

‘திரும்பப் பெறு’ செயப்படுபொருள் கேட்கும். எதை? சொல்லை, கருத்தை, புகாரை, மனுவை. ‘பின்வாங்கு’ அப்படிக் கேட்காது. எதிலிருந்து? முடிவிலிருந்து, நிலையிலிருந்து, பேச்சுவார்த்தையிலிருந்து. ‘கருத்தைப் பின்வாங்கினார்’ என்று இப்போது எழுதுகிறார்கள். என் காதுக்கு அது ஒட்டவில்லை. ‘கருத்திலிருந்து பின்வாங்கினார்’ என்பதே வழக்கு.

காரணம் ‘வாங்கு’ என்ற சொல்லின் பழைய பொருள். இன்று வாங்குதல் என்றால் பெறுதல், விலைக்குக் கொள்ளுதல். பழைய தமிழில் அதற்கு வளைத்தல், இழுத்தல் என்ற பொருள்களும் உண்டு. வில்லை வாங்கினான் என்றால் நாணை இழுத்து வளைத்தான். கடல் உள்வாங்கியது என்று இன்றும் சொல்கிறோமே, அங்கே கடல் எதையும் பெறவில்லை, உள்ளுக்கு இழுத்துக்கொண்டது. பின்வாங்குவதும் அப்படித்தான்: ஆள் தன்னையே பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார். படை பின்வாங்கியது என்பதே இதன் இயல்பான இடம். நகர்வது ஆள், சொல் அல்ல. திரும்பப் பெறும்போது ஆள் நின்ற இடத்திலேயே நிற்க, சொல் அவரிடம் வந்து சேர்கிறது.

‘வாபஸ் வாங்கு’ என்பதில் உள்ள வாங்கு வேறு. அங்கே பெறுதல் பொருள். அதனால்தான் ‘வாபஸ் பெறு’ என்றும் மாற்றிச் சொல்ல முடிகிறது. ‘பின்பெறு’ என்று யாரும் சொல்வதில்லை.

ஒரு எச்சரிக்கை: ‘திரும்ப’ என்பதற்கு ‘மறுபடியும்’ என்ற பொருளும் உண்டு. ‘சொன்னதைத் திரும்பச் சொன்னார்’ என்றால் அதையே வலியுறுத்தினார். ‘சொன்னதைத் திரும்பப் பெற்றார்’ என்றால் அதைவிட்டு விலகினார். ‘சொன்னதைத் திரும்ப எடுத்தார்’ என்று எழுதினால் மீண்டும் அந்தப் பேச்சை எடுத்தார் என்றும் படிக்கலாம். அதனால் ‘எடு’வைத் தவிர்த்துப் ‘பெறு’வை வைத்துக்கொள்வது நல்லது.

---

செய்திமேசை எழுதியது:

ஒற்று விஷயத்தையும் சொல்லிவிடுங்கள் தென்றல்முற்றம். வருகிற படிகளில் பாதியில் ‘திரும்ப பெற்றார்’ என்றுதான் இருக்கிறது.

---

தென்றல்முற்றம் எழுதியது:

‘திரும்ப’ என்பது செய என்னும் வாய்பாட்டு வினையெச்சம். அதன்பின் வல்லினம் மிகும். வரச் சொன்னார், போகக் கூடாது, திரும்பப் பெற்றார். ‘மீளப் பெறு’வுக்கும் இதே விதி.

‘வாபஸ் பெற்றார்’ என்பதில் மிகாது, ஸகர மெய்யில் முடிவதால்.

‘பிறழ் சாட்சி’ வினைத்தொகை. பிறழ்ந்த, பிறழ்கின்ற, பிறழும் என்று மூன்று காலமும் உள்ளடங்கி நிற்பது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ‘பிறழ்ச்சாட்சி’ என்று எழுதுவது தவறு.

---

வழக்காடி எழுதியது:

(அ) பற்றி நான் சொல்கிறேன். இதில் வினை தவறினால் சட்டப் பொருளே தவறும்.

காவல் துறை விசாரணையில் சொன்னதைச் சாட்சி நீதிமன்றத்தில் சொல்லாமல் விடலாம், வேறாகச் சொல்லலாம், ‘அப்படி நான் சொல்லவே இல்லை’ என்றும் சொல்லலாம். இவை எதிலும் அவர் எதையும் ‘திரும்பப் பெறுவது’ இல்லை. திரும்பப் பெறுவதற்கு அங்கே நடைமுறையும் கிடையாது. அழைத்த தரப்புக்கு எதிராக அவர் சாட்சி சொல்லும்போது, அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்தின் அனுமதி பெற்று, தாம் அழைத்த சாட்சியையே குறுக்கு விசாரணையில் கேட்பது போன்ற கேள்விகளைக் கேட்கிறார். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இது 154ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமில் 157. இந்த நிலைக்குத் தமிழில் நிலைத்துவிட்ட பெயர் ‘பிறழ் சாட்சி’. ஆகவே:

‘சாட்சி பிறழ் சாட்சியானார்’
‘சாட்சி பிறழ்ந்தார்’
‘காவல் துறையிடம் கூறியதற்கு மாறாகச் சாட்சியம் அளித்தார்’

மூன்றில் கடைசியே பொது வாசகருக்குத் தெளிவானது. முதல் இரண்டும் சட்டச் செய்தி படித்துப் பழகியவர்களுக்கு.

இன்னொன்று. ‘பிறழ் சாட்சியானார், அதனால் அவர் சாட்சியம் செல்லாது’ என்று சிலர் தொடர்ந்து எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல. பிறழ் சாட்சி என்று அறிவித்த மாத்திரத்தில் அவர் சொன்னதெல்லாம் அழிந்துபோவதில்லை. அதில் நம்பத்தகுந்த பகுதியை, மற்றச் சான்றுகளோடு பொருந்தினால், நீதிமன்றம் ஏற்கலாம். உச்ச நீதிமன்றம் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறது.

குற்றம் சாட்டப்பட்டவர் முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, பிறகு ‘அச்சுறுத்தி வாங்கினார்கள், உண்மையல்ல’ என்று சொல்வது வேறு. அதற்கு ‘ஒப்புதல் வாக்குமூலத்தைப் பின்னர் மறுத்தார்’ என்பதே பொருத்தம். பிறழ்தல் சாட்சிக்கு உரியது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதைப் போடாதீர்கள்.

---

மேசைவிளக்கு எழுதியது:

நன்றி. ‘மறுத்தார்’ என்றால் மெய்ப்பாளர் சொன்ன முதல் கேள்வி இடிக்கிறதே? ஒப்புதல் தந்தது உண்மை என்று ஏற்றுக்கொண்டு, அதன் உள்ளடக்கத்தை மட்டும் இல்லை என்கிறாரே.

---

மெய்ப்பாளர் எழுதியது:

சரியான கேள்வி. ‘மறு’ என்ற வினையின் பிரச்சினையே அதுதான். அது மூன்று வேலை செய்கிறது.

செய என்னும் எச்சத்தோடு வந்தால் இணங்காமை: வர மறுத்தார், கையெழுத்திட மறுத்தார்.
தன்மேல் சொல்லப்பட்ட ஒன்றோடு வந்தால் இல்லை என்றல்: குற்றச்சாட்டை மறுத்தார்.
பிறர் கருத்தோடு வந்தால் எதிர்வாதம்: அவர் வாதத்தை இவர் மறுத்தார்.

‘தன் கருத்தை மறுத்தார்’ என்று மொட்டையாக எழுதினால், சொன்னதே இல்லை என்றாரா, சொன்னது தவறு என்றாரா என்பது தெரியாது. இதைத் தீர்க்க வினையை மாற்ற வேண்டியதில்லை, ஒரு துணைத்தொடர் போதும்: ‘அப்படிச் சொன்னதாகக் கூறப்படுவதை மறுத்தார்’ அல்லது ‘முன்பு கூறியது உண்மையல்ல என்று மறுத்தார்’. வழக்காடி சொன்ன இடத்தில் இரண்டாவதை வையுங்கள்.

---

வடமராட்சி வாசகர் எழுதியது:

இலங்கை வழக்கையும் பதிந்துவிடுகிறேன், மொழிபெயர்ப்பு எந்த வாசகருக்கு என்பதைப் பொறுத்து உதவும்.

இங்கே ‘மீளப் பெறு’ என்பது பத்திரிகையிலும் அறிக்கைகளிலும் இயல்பாக வரும். வழக்கை மீளப் பெற்றனர், முறைப்பாட்டை மீளப் பெற்றார், கூற்றை மீளப் பெற்றுக்கொண்டார். தமிழ்நாட்டில் ‘புகார்’ என்கிற இடத்தில் எங்களிடம் ‘முறைப்பாடு’. ‘வாபஸ் பெற்றார்’ என்பதும் இங்கே புழங்குகிறது, அது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய சொல் அல்ல.

பேச்சில் ‘கதையை மாத்துறார்’ என்பம். கதை என்றால் இங்கே பேச்சு. அதைத் தமிழ்நாட்டு வாசகர் ‘கதைக்களத்தை மாற்றுகிறார்’ என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு இருப்பதால் உரையாடலில் மட்டும் வையுங்கோ.

‘மீள’ என்பதிலும் ‘மறுபடியும்’ என்ற பொருள் இருக்கு: மீளக் குடியமர்தல், மீளாய்வு. ஆனால் ‘மீளப் பெறு’ என்று சேர்ந்தால் குழப்பம் வராது.

---

செய்திமேசை எழுதியது:

‘வாபஸ்’ பற்றி. பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானி வழியாகத் தமிழுக்கு வந்தது. அங்கே அது ‘திரும்ப’ என்ற பொருளில் வினையடை. தமிழில் வந்ததும் பெயராகிவிட்டது. ‘வேட்புமனு வாபஸ்’, ‘போராட்டம் வாபஸ்’ என்று தலைப்பில் தனியாகவே நிற்கும். மூன்றெழுத்தில் முடிவதால் தலைப்புக்கு இதைவிட வசதியான சொல் இல்லை. தூய தமிழ் வேண்டும் என்பவர்கள் ‘திரும்பப் பெறல்’ என்று போட்டுப் பார்த்து, இடம் போதாமல் மறுபடி வாபஸுக்கே வருவார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, தமிழன் நாவில் நன்றாகப் பழகிய சொல்.

ஆனால் வாபஸ் எதனோடெல்லாம் சேரும் என்பதில் ஒரு வரம்பு உண்டு. முறையாகக் கொடுக்கப்பட்ட ஒன்று வேண்டும்: மனு, புகார், வழக்கு, ராஜினாமா, அறிவிப்பு, ஆதரவு, போராட்ட அழைப்பு. ‘என் எண்ணத்தை வாபஸ் வாங்கினேன்’ என்று எழுதினால் ஒட்டாது. எண்ணத்தை மாற்றிக்கொள்ளலாம், கைவிடலாம். சண்டையில் ‘வார்த்தையை வாபஸ் வாங்கு’ என்று கத்துகிறோம் என்றால், எதிராளி அந்தச் சொல்லை எல்லோர் முன்னிலையிலும் வைத்துவிட்டான், அதே முன்னிலையில் எடுக்க வேண்டும் என்கிறோம். முன்னிலை என்பது இந்த வினையின் உயிர். தனியாக மனதுக்குள் வாபஸ் வாங்க முடியாது.

பிறகு, ‘திரும்பப் பெறு’வையும் ‘ரத்து செய்’யையும் ஒன்றாக்காதீர்கள். 2023 மே 19 அன்று ரிசர்வ் வங்கி 2,000 ரூபாய் நோட்டுகளைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அப்போதே அவை சட்டப்படி செல்லும் பணமாகத் தொடரும் என்றும் சொன்னது. 2016 நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய் நோட்டுகளுக்கு நடந்தது அதுவல்ல, அவை செல்லாது என்றே அறிவிக்கப்பட்டன. இரண்டு செய்திக்கும் ஒரே வினையைப் போட்டால் வாசகர் பீதியடைவார். திரும்பப் பெற்றால் பொருள் உரியவரிடம் போய்ச் சேரும். ரத்து செய்தால் அதன் செல்லுபடி போய்விடும். சொல்லுக்கும் இதே கணக்குதான்.

---

வழக்காடி எழுதியது:

செய்திமேசைக்கு ஒரு வேண்டுகோள். ‘புகாரை வாபஸ் வாங்கியதால் வழக்கு முடிந்தது’ என்று அடிக்கடி வருகிறது. முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகு வழக்கை நடத்துவது அரசு. புகார்தாரர் தன் விருப்பத்துக்கு அதை முடித்துவிட முடியாது. சமரசம் செய்யத்தக்க குற்றமாக இருந்தால் சமரசம், இல்லையென்றால் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ய வேண்டும், அல்லது அரசு வழக்கறிஞர் நீதிமன்ற அனுமதியோடு வழக்கிலிருந்து விலக வேண்டும். யார் என்ன செய்தார்கள் என்று பார்த்து வினையைப் போடுங்கள்: புகார்தாரர் சமரசமானார், நீதிமன்றம் ரத்து செய்தது, அரசு விலகிக்கொண்டது.

உரிமையியல் வழக்கில் வாபஸ் உண்மையாகவே வாபஸ். வாதி வழக்கைத் திரும்பப் பெறலாம். ஆனால் புதிதாக வழக்குத் தொடர அனுமதி பெறாமல் திரும்பப் பெற்றால், அதே விஷயத்தில் மறுபடி வழக்குத் தொடர முடியாது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 23ஆம் கட்டளை, முதல் விதி.

வேட்புமனு இன்னும் கண்டிப்பானது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 37: குறித்த நாளில் பிற்பகல் 3 மணிக்குள் எழுத்துமூலம் அறிவிப்புத் தர வேண்டும். தந்துவிட்டால் அந்த அறிவிப்பை ரத்து செய்துகொள்ள அனுமதி இல்லை. அதாவது, வாபஸை வாபஸ் வாங்க முடியாத இடம் இது.

ஒப்பந்தச் சட்டத்திலும் இப்படி ஒரு எல்லை உண்டு. 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, முன்மொழிவை ஏற்கும் தகவல், முன்மொழிந்தவரைக் கட்டுப்படுத்தும் அளவுக்கு நிறைவு பெறும் முன்பு எப்போது வேண்டுமானாலும் முன்மொழிவை விலக்கிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு விலகினால் அது திரும்பப் பெறுதல் அல்ல, ஒப்பந்த மீறல். சொல் ஒன்றுதான். நேரம் கடந்தால் அதற்கு உரிய வினை மாறிவிடுகிறது.

---

மெய்ப்பாளர் எழுதியது:

வழக்காடியின் கடைசி வரி (உ)வுக்கு நேரடியாக உதவுகிறது. வாக்குறுதி என்பது சொல்லாகத் தொடங்கிச் செயலில் முடிய வேண்டியது. ‘வாக்குறுதியைத் திரும்பப் பெற்றது’ என்றால் நிர்வாகத்துக்கு அப்படி ஓர் உரிமை இருந்ததுபோல் ஒலிக்கிறது. தமிழில் வாக்குறுதிக்கு உள்ள வினைகள் எல்லாமே பொறுப்பைச் சுமத்துபவை: வாக்குத் தவறு, வாக்கு மீறு, வாக்கு மாறு, வாக்குறுதியிலிருந்து பின்வாங்கு, கைவிடு.

இவற்றுள் நுணுக்கம் உண்டு. தவறுதல் கைநழுவலாகவும் இருக்கலாம். மீறுதல் வேண்டுமென்றே செய்வது. பின்வாங்குதல் நடுநிலையானது, காரணம் சொல்லாதது. செய்தியில் ‘பின்வாங்கியது’ என்ற சொல்லே போதும். தொழிலாளர் தரப்பு அறிக்கை என்றால் ‘வாக்கு மீறியது’. ‘வாக்கைத் திரும்பப் பெற்றது’ என்று மட்டும் எழுத வேண்டாம், வாக்கு என்றால் இன்று முதலில் தேர்தல் ஓட்டே நினைவுக்கு வரும்.

பேச்சில் ‘ஜகா வாங்கினார்’ என்பார்கள். அதுவும் செயலிலிருந்து நழுவுவதற்கே. சொன்ன சொல்லைத் திரும்பப் பெற்றவரை ஜகா வாங்கினார் என்று சொல்வதில்லை. ‘பல்டி அடித்தார்’ நிலைப்பாட்டை அப்படியே தலைகீழாக்குவதற்கு. இழிவுப் பொருள் உள்ளது, பெயர் குறிப்பிட்ட ஒருவர்மேல் பத்திரிகையின் சொந்தக் குரலில் போடக் கூடாது. சாட்சியைப் ‘பல்டி சாட்சி’ என்று எழுதுவது இன்னும் மோசம். அவர் அச்சுறுத்தப்பட்டிருக்கலாம், முதலில் சொன்னதே பொய்யாகவும் இருந்திருக்கலாம்.

---

ஏட்டடுக்கு எழுதியது:

(இ)யை யாரும் தொடவில்லை. இதுதான் ஐந்தில் கடினமானது.

1633 ஜூன் 22 அன்று ரோமில் கலிலியோ மண்டியிட்டு ஒரு வாசகத்தைப் படித்தார். சூரியனே மையம், பூமி நகர்கிறது என்ற கொள்கையைக் கைவிடுவதாகவும், அதைச் சபிப்பதாகவும், வெறுப்பதாகவும் அதில் வரும். மூன்று வினைகள் அடுத்தடுத்து. ‘கருத்தைத் திரும்பப் பெற்றார்’ என்றால் ஒரு பேட்டியில் சொன்னதை மறுநாள் விலக்கிக்கொண்டதைப் போல் ஆகிவிடுகிறது. நடந்தது அதைவிடப் பெரியது: ஒரு நம்பிக்கையை, அதிகாரத்தின் முன், சத்தியம் செய்து துறப்பது.

இதற்குத் தமிழில் இருக்கும் சொல் ‘மறுதலி’. பேதுரு இயேசுவை மூன்று தரம் மறுதலித்தார் என்பது விவிலியத் தமிழில் எல்லோருக்கும் பழக்கம். அந்தச் சொல்லில் அச்சம், அழுத்தம், உறவை அறுத்தல் மூன்றும் ஏறிவிட்டன. ஆனால் ஒரு தடங்கல் உண்டு. பேதுரு மறுதலித்தது ஓர் ஆளை, ‘எனக்கு அவரைத் தெரியாது’ என்று. கலிலியோ மறுதலித்தது தான் எழுதிய கொள்கையை. முன்னதில் உறவு இருந்ததே இல்லை என்கிறார், பின்னதில் இருந்ததை ஒப்புக்கொண்டு விடுகிறார். அதனால் மறுதலித்தார் என்ற சொல் தனியாக நிற்காமல் ஒரு துணையோடு வர வேண்டும்:

‘தன் கொள்கையைத் தவறென்று அறிக்கையிட்டு மறுதலித்தார்’
‘தன் கொள்கையைத் துறப்பதாகத் திருச்சபையின் முன் உறுதிமொழி வாசித்தார்’

இரண்டாவதை நான் விரும்புகிறேன். ‘துறப்பதாக வாசித்தார்’ என்பதில், உள்ளே துறந்தாரா என்ற கேள்விக்கு இடம் விட்டு வைக்கிறோம். வற்புறுத்தி வாங்கிய சொல்லுக்கு அந்த இடைவெளி தேவை.

இதே வினை இருமுறை வேண்டியிருக்கும் ஒரு வரலாறும் உண்டு. இங்கிலாந்தின் காண்டர்பரி பேராயர் தாமஸ் கிரான்மர் சிறையில், தன் புராட்டஸ்டண்ட் நம்பிக்கையைத் துறக்கும் பல மறுதலிப்பு அறிக்கைகளில் கையெழுத்திட்டார். 1556 மார்ச் 21 அன்று ஆக்ஸ்போர்டில் எரிக்கப்படும் முன் அவை அனைத்தையும் பொய் என்று தள்ளினார். கையெழுத்திட்ட வலக்கையை முதலில் தீயில் நீட்டினார். இங்கே ‘மறுதலிப்பை மறுதலித்தார்’ என்றால் வாசகர் தடுமாறுவார். ‘தன் மறுதலிப்பு அறிக்கைகளைப் பொய்யென்று தள்ளினார்’ என்று பிரித்து எழுத வேண்டும். ‘தள்ளு’ என்ற சொல் இங்கே தெளிவாகவும் வலுவாகவும் இருக்கிறது.

---

தென்றல்முற்றம் எழுதியது:

மறுதலியோடு ஒட்டிய ஒரு செய்தி: ‘மறுதலை’ என்றால் எதிர்நிலை. கணிதப் பாடநூலில் பிதாகரஸ் தேற்றத்தின் மறுதலை என்று படித்திருப்போம். மறுதலையான கூற்று என்று எழுதினால் ‘எதிரான கூற்று’ என்றே ஆகும், ‘மறுதலித்த கூற்று’ என்று ஆகாது. பெயராக வேண்டுமென்றால் ‘மறுதலிப்பு’ என்றே வையுங்கள்.

பெயராக்கும்போது கவனிக்க வேண்டிய இன்னொன்று ‘பிறழ்வு’. மனப்பிறழ்வு, நெறிப்பிறழ்வு என்று அது வேறு திசையில் போய்விட்டது. ‘சாட்சியின் பிறழ்வு’ என்று தலைப்பிட்டால் சாட்சிக்கு மனநோய் என்று தோன்றும். ‘சாட்சியம் பிறழ்தல்’ என்பது பாதுகாப்பு.

---

மேசைவிளக்கு எழுதியது:

(ஆ)வில் ஒரு துணைக்கேள்வி. உறுப்பினர் நேரடியாகப் பேசும் வசனமும் இருக்கிறது. ‘என் சொற்களைத் திரும்பப் பெறுகிறேன்’, ‘திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்’, ‘திரும்பப் பெற்றேன்’: எது?

---

மெய்ப்பாளர் எழுதியது:

‘திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.’

சொல்வதே செயலாகும் வினைகளில் இது ஒன்று. ‘வாழ்த்துகிறேன்’ என்று சொன்னாலே வாழ்த்தியாயிற்று. அதுபோல் ‘திரும்பப் பெறுகிறேன்’ என்று சொன்ன கணத்தில் திரும்பப் பெற்றாயிற்று. அதற்கு நிகழ்காலம், தன்மை இடம் இரண்டும் கட்டாயம். ‘பெற்றேன்’ என்பது முன்பு எப்போதோ செய்ததைத் தெரிவிக்கிறது. ‘பெறுவேன்’ வெறும் அறிவிப்பு, இன்னும் பெறவில்லை.

‘கொள்’ சேர்வதால் செயலின் பயன் சொன்னவரையே சேர்கிறது, ‘என் சொல், நானே எடுத்துக்கொள்கிறேன்’ என்ற உரிமை வருகிறது. இரண்டும் சரிதான் என்றாலும் பேச்சில் கொள் இல்லாதது கொஞ்சம் விறைப்பாக இருக்கும்.

மொழிபெயர்க்கும்போது கோட்டைவிடும் இடம் வேறு. மூலத்தில் ‘திரும்பப் பெற விரும்புகிறேன்’ என்றிருந்தால் அதை ‘பெறுகிறேன்’ என்று சுருக்காதீர்கள். விருப்பம் தெரிவித்தவர் இன்னும் பெறவில்லை. ‘யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால் திரும்பப் பெறுகிறேன்’ என்பதும் அப்படியே. ‘இருந்தால்’ என்ற எச்சத்தில் நிபந்தனை ஒளிந்திருக்கிறது, யாரும் புண்படவில்லை என்று வாதாட வழி வைத்திருக்கிறார். ‘வருந்துகிறேன்’ என்பதோ சொல்லைத் தொடவே இல்லை: சொல் அங்கேயே இருக்கிறது, பேசியவர் வருந்துகிறார், அவ்வளவே. மன்னிப்பு, வருத்தம், திரும்பப் பெறுதல் மூன்றும் தனித்தனி. ஒன்றைச் செய்தவரை மற்றதையும் செய்தவராக எழுதுவது பேசியவருக்கும் நியாயம் அல்ல, காயப்பட்டவருக்கும் நியாயம் அல்ல.

---

செய்திமேசை எழுதியது:

இதை நூறு முறை வழிமொழிகிறேன். கூடவே: உறுப்பினர் திரும்பப் பெறுவது வேறு, அவைத்தலைவர் அவைக்குறிப்பிலிருந்து நீக்குவது வேறு. முன்னதைப் பேசியவரே செய்ய வேண்டும். பின்னதற்கு அவர் சம்மதம் தேவையில்லை. அவர் தன் சொல்லில் உறுதியாக நிற்கும்போதே அது குறிப்பிலிருந்து போயிருக்கலாம். ‘சர்ச்சைப் பேச்சு திரும்பப் பெறப்பட்டது’ என்று செயப்பாட்டுவினையில் எழுதினால் யார் செய்தது என்பது மறைந்து, இரண்டும் ஒன்றாகிவிடும்.

சமூக ஊடகத்திலும் இதே சிக்கல். பதிவை நீக்கியவர் கருத்தைத் திரும்பப் பெற்றார் என்று ஆகாது. சட்ட ஆலோசனையில் நீக்கியிருக்கலாம், அழுத்தத்தில் நீக்கியிருக்கலாம். ‘பதிவை நீக்கினார்’ என்று கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள்.

---

ஏட்டடுக்கு எழுதியது:

(ஈ)யிலும் யார் என்பதே சிக்கல். தி லான்செட் என்ற மருத்துவ ஆய்விதழ் 1998இல் வெளியிட்ட, தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான முத்தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திப் பேசப்பட்ட கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை எழுதிய 13 பேரில் 10 பேர் 2004இல், முடிவுகளுக்குத் தந்த ‘விளக்கத்தை’ மட்டும் திரும்பப் பெற்றனர். இதழ் முழுக் கட்டுரையையும் திரும்பப் பெற்றது 2010 பிப்ரவரியில்தான். வினை ஒன்று. எழுவாயும் செயப்படுபொருளும் வேறு, இடையில் ஆறு ஆண்டு. ‘2004இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது’ என்று எழுதினால் பிழை.

அறிவியலில் திரும்பப் பெற்றபின் கட்டுரை மறைந்துவிடுவதில்லை என்பதையும் வாசகருக்கு உணர்த்துங்கள். ‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற முத்திரையோடு அது கிடைக்கும்படி வைத்திருப்பார்கள், பின்னால் வருபவர் அதைச் சான்றாகக் காட்டாமல் இருக்க. ‘நீக்கப்பட்டது’ என்றோ ‘அகற்றப்பட்டது’ என்றோ எழுத வேண்டாம். சிறு பிழைக்கு வெளியிடுவது திருத்தம், அதையும் இதோடு சேர்க்கக் கூடாது.

---

மேசைவிளக்கு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இப்படி மாற்றியிருக்கிறேன்:

(அ) காவல் துறையிடம் கூறியதற்கு மாறாக நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்ததால், அவர் பிறழ் சாட்சியாக அறிவிக்கப்பட்டார்.
(ஆ) “அந்தச் சொற்களைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்” என்றார் உறுப்பினர்.
(இ) 1633இல் கலிலியோ தன் கொள்கையைத் துறப்பதாக உறுதிமொழி வாசித்தார்.
(ஈ) ஆய்விதழ் அந்தக் கட்டுரையை முழுமையாகத் திரும்பப் பெற்றது.
(உ) ஊதிய உயர்வு தருவதாகச் சொன்ன நிர்வாகம் அதைப் பின்வாங்கியது.

---

தென்றல்முற்றம் எழுதியது:

(உ)வில் ‘அதிலிருந்து பின்வாங்கியது’. மற்றவை நான்கும் அச்சுக்குப் போகலாம்.

---

வழக்காடி எழுதியது:

(அ)வில் ‘அளித்ததால்’ என்பதை ‘அளித்தார், அரசு தரப்பின் வேண்டுகோளின்பேரில் அவர் பிறழ் சாட்சியாக அறிவிக்கப்பட்டார்’ என்று பிரியுங்கள். மாறாகச் சொன்ன உடனே தானாக அப்படி ஆகிவிடுவதில்லை. அழைத்த தரப்பு கேட்க வேண்டும், நீதிமன்றம் அனுமதிக்க வேண்டும்.